மஞ்சள் பல்லும் பள்ளிக் குடிநீரும்

தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் பணியாற்றிய எவருக்கும் இது புதிதாக இருக்காது. வகுப்புப் புகைப்படம் எடுக்கும்போது சில மாணவர்கள் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். சிரிப்பு வந்தால் கை தானாக உதட்டுக்கு முன்னால் போகும். மேடையில் பேச அழைத்தால், நன்றாகப் படிக்கும் பிள்ளையும் தலையைக் குனிந்துகொள்ளும். முன்பற்களில் தெரியும் மஞ்சள், பழுப்புக் கோடுகளே இதற்குக் காரணம். "பல் தேய்ப்பதே இல்லையா?" என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகள் பலரிடம் பலமுறை கேட்டிருப்பார்கள்.

தேய்த்துப் போகக்கூடிய கறை அல்ல அது. பல்லின் எனாமல் உருவாகும் காலத்திலேயே உள்ளே பதிந்துவிட்ட மாற்றம். அதற்குக் காரணம் அந்தப் பிள்ளை குடித்த தண்ணீர். இதை மருத்துவத்தில் பல் ஃபுளோரோசிஸ் என்கிறார்கள். நம் மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற சொற்கள் இடம்பெற்றுள்ளன. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் நிதியுதவியுடன் ரூ.1928.80 கோடி மதிப்பீட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவந்த திட்டம் அது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.

காவிரி நீர் ஊருக்கு வந்துவிட்டது. அது நம் பள்ளியில் பிள்ளையின் தம்ளர் வரை, மதிய உணவுச் சமையலறையின் அண்டா வரை வந்து சேர்ந்திருக்கிறதா? இந்தக் கேள்வியை எங்கள் நடுநிலைப்பள்ளியில் முதலில் எழுப்பியவர்கள் பெற்றோர்களே. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமொன்றில் ஒரு தாய் எழுந்து, "டீச்சர், எம் புள்ள தெனமும் ரெண்டு வேள பல்லு வெளக்குறான். அப்பயும் கறை போவல. வூட்டுல ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறோம். இங்க என்ன தண்ணி குடுக்குறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் மேற்கொண்ட முயற்சியில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பாறையிலிருந்து பல்லுக்கு

நம் மாவட்டத்தின் நிலத்தடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற பழமையான கடினப் பாறைகள். இவற்றில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் முதலிய கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்குகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது அது மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. மழை குறைவாகவும் ஆவியாதல் அதிகமாகவும் உள்ள வறண்ட பகுதிகளில் இந்தச் செறிவு மேலும் கூடுகிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையோடு பல காலம் உறவாடிய நீர் மேலே வருவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய வேதியியல் செய்தி ஒன்று உண்டு. கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். எனவே கால்சியம் மிகுந்த கடின நீரில் ஃபுளோரைடு அவ்வளவாகத் தங்குவதில்லை. கால்சியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் மிகுந்த காரத்தன்மையுள்ள நீரில்தான் அது அதிகமாகக் கரைந்திருக்கும். குடிக்க நன்றாக இருக்கிறது, பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று ஊரார் பாராட்டும் கிணற்று நீரிலும் ஃபுளோரைடு மிகுந்திருக்கலாம். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாம் உணரக்கூடிய சுவையும் இல்லை.

நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர்கள் சிறு மின்னணுக் கருவியை நீரில் விட்டு ஓர் எண்ணைக் காட்டுவார்கள். அது நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு. அந்த எண் குறைவாக இருந்தால் ஃபுளோரைடும் குறைவு என்று பொருள் கொள்ளக் கூடாது. ஃபுளோரைடைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (2012) ஒரு லிட்டர் நீரில் 1.0 மில்லிகிராம் ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகக் குறிப்பிடுகிறது. வேறு நீராதாரமே இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். சிறிய அளவு ஃபுளோரைடு பற்சொத்தையைத் தடுக்க உதவும் என்பதும் உண்மை. அளவு மிஞ்சும்போதுதான் சிக்கல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீர் வளரும் பற்களைப் பாதிக்கக்கூடும். 3 முதல் 6 மில்லிகிராம் வரை உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படலாம்.

கறையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

எல்லா மஞ்சள் பற்களும் ஃபுளோரோசிஸ் அல்ல. வேறுபாட்டை அறிய சில அடையாளங்கள் உள்ளன.

பல் துலக்காததால் படியும் அழுக்கு பெரும்பாலும் ஈறின் ஓரத்தில் சேரும். துலக்கினால், அல்லது பல் மருத்துவர் சுத்தம் செய்தால் நீங்கும். சொத்தை குழியாகத் தொடங்கும். ஃபுளோரோசிஸ் மாற்றம் ஈறிலிருந்து சற்றுத் தள்ளி, பல்லின் பரப்பில் கிடைமட்டக் கோடுகளாகவோ திட்டுகளாகவோ காணப்படும். இடப்புறப் பல்லில் இருந்தால் அதற்கு இணையான வலப்புறப் பல்லிலும் இருக்கும். தொடக்கத்தில் சுண்ணாம்பு போன்ற வெண்மை. பிறகு மஞ்சள், பழுப்பு. கடுமையானால் கருமையும் பள்ளங்களும். பெரும்பாலும் நிரந்தரப் பற்களில்தான் தெளிவாகத் தெரியும்.

நிரந்தரப் பற்களின் எனாமல் பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை உருவாகிறது. அந்தக் காலத்தில் குடித்த நீரின் தன்மை பல்லில் பதிந்துவிடும். மேல் முன்பற்களின் எனாமல் நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பல் முளைத்து நம் கண்ணுக்குத் தெரிவது 7, 8 வயதில்தான். ஆகவே மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் முன்பற்கள், அந்தப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போன காலத்திலும் அதற்கு முன்பும் குடித்த நீரைப் பற்றிச் சொல்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முன்பற்கள் இன்னும் ஐந்து ஆண்டுகள் பின்னால் உள்ள கதையைச் சொல்கின்றன. ஊரின் குடிநீர் நல்லதாக மாறிவிட்டதென்றால், கீழ் வகுப்புகளில் புதிதாக முளைக்கும் முன்பற்கள் மேல் வகுப்புகளைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், குழாயில் நல்ல நீர் வருவதாகப் பதிவேட்டில் இருந்தாலும் பிள்ளைகள் வயிற்றுக்குள் வேறு நீர் போய்க்கொண்டிருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு.

எட்டு வயதுக்குப் பின் வரும் நல்ல நீரால் ஏற்கெனவே பதிந்த கோடுகள் மறையா. ஆனால் எலும்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் அதைக் காக்க இன்னும் வழியுண்டு. அந்த வயதைத் தாண்டாத பிள்ளைகளுக்குப் பல்லையும் காக்கலாம். ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அந்த எல்லையைக் கடந்து போகிறார்கள். ஆய்வைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

முதலில் கண்டறிந்தவர்கள் யார்?

பிள்ளைகளின் பல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டியதில் பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901இல் பணி தொடங்கிய பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்குள்ளவர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு பல ஆண்டுகள் காரணம் தேடினார். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்குச் சென்றார். ஊருக்கு வெளியே ஐந்து மைல் தொலைவில் உள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் தங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கறை வரத் தொடங்கியது என்று அவ்வூர்ப் பெற்றோர்கள் அவரிடம் கூறினர். நீரைச் சோதித்தபோது எதுவும் தென்படவில்லை. ஆயினும் பெற்றோரின் கணிப்பை நம்பி, அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுமாறு மெக்கே அறிவுரை கூறினார். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. நீரில் இருந்த பொருள் ஃபுளோரைடு என்று வேதியியல் வல்லுநர்கள் கண்டறிந்தது 1931இல்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்கள் ஃபுளோரோசிஸால் பாதிக்கப்பட்டிருப்பதை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய ஆய்வாளர்கள் 1937இல் எழுதி வெளியிட்டனர். இந்தியாவில் இந்நோய் முறையாகப் பதிவானது அப்போதுதான். இந்திய அரசு 2008-09இல் தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

பெற்றோரோடு சேர்ந்து செய்த ஆய்வு

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது அக்குழுவின் கடமைகளில் ஒன்று. ஆகவே பெற்றோர் தண்ணீரைப் பற்றிக் கேட்பதை ஆசிரியர் மீதான குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர்கள் சட்டம் தந்த வேலையைச் செய்கிறார்கள். எங்கள் குழுவில் அந்தக் கேள்வி எழுந்ததும், பெற்றோர்களில் சிலரும் நாங்களும் சேர்ந்து பின்வரும் வரிசையில் ஆய்வைச் செய்தோம்.

முதற்படி, நீர் வரைபடம். ஒரு பெரிய தாளில் பள்ளி வளாகத்தை வரைந்து, ஒவ்வொரு குழாய்க்கும் எண் கொடுத்தோம். எந்தக் குழாய்க்கு எந்தத் தொட்டியிலிருந்து நீர் வருகிறது, அந்தத் தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது என்று குழாய் போகும் வழியே நடந்து பார்த்தோம். மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் ஊராட்சிப் பணியாளரிடமும் கேட்டறிந்தோம். குடிநீர்க் குழாய்க்கு ஆற்று நீரும், சமையலறைக் குழாய்க்கு ஆழ்துளைக் கிணற்று நீரும் வருவது இந்த நடையில்தான் தெரிந்தது. ஆற்று நீர் வராத நாள்களில் ஆழ்துளை நீரே இரண்டுக்கும் ஏற்றப்படுவதும் தெரிந்தது.

இரண்டாம் படி, மாதிரி எடுத்தல். ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடிப் புட்டியைவிடச் சுத்தமான நெகிழிப் புட்டியே ஏற்றது. குழாயைத் திறந்து சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, அதே நீரில் புட்டியை மூன்று முறை அலசிய பின் நிரப்ப வேண்டும். எந்தக் குழாய், எந்த ஆதாரம், தேதி, நேரம் ஆகியவற்றைப் புட்டியின்மேல் எழுத வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டு நீரும் கலக்குமானால், ஆற்று நீர் வந்த நாளில் ஒன்றும் வராத நாளில் ஒன்றுமாக இரண்டு மாதிரிகள் தேவை.

மூன்றாம் படி, சோதனை. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களநீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உள்ளது. நம் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களே அவர்களில் இருக்கக்கூடும். பெட்டியில் உள்ள வினைபொருளில் சிர்கோனியமும் ஒரு சாயமும் இணைந்திருக்கும். நீரில் ஃபுளோரைடு இருந்தால் அது சிர்கோனியத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சாயத்தின் சிவப்பு வெளிறி மஞ்சளை நோக்கி நகரும். அந்த நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் கணிக்கிறோம். இது முதல்நிலைக் கணிப்பே. ஐயத்துக்குரிய மாதிரிகளைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணளவில் முடிவு பெறுவதே முறை. கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒருமுறையும் சோதித்தால்தான் ஆண்டின் முழு நிலையும் தெரியும்.

எங்கள் பள்ளியில் குடிநீர்க் குழாய் மாதிரி பாதுகாப்பான நிறத்தைக் காட்டியது. சமையலறைக் குழாய் மாதிரி வண்ண அட்டையில் 1.5ஐத் தாண்டிய கட்டத்தோடு பொருந்தியது. பெரியவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றோம். சமையலர் அக்காதான் முதலில் வாய் திறந்தார்: "அப்போ இத்தன நாளா சோத்துலயா போச்சு?"

சோற்றில் போகும் கணக்கு

அவர் கேட்டது சரியான கேள்வி. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகும்போது மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். குளோரின் கலப்பதாலும், புற ஊதாக் கதிர்க் கருவியாலும், மணல் வடிகட்டியாலும் அது நீங்காது.

ஒரு கணக்கைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ அரிசியைக் கஞ்சி வடிக்காமல் 3 லிட்டர் நீரில் பொங்கினால் 9.6 மில்லிகிராம் ஃபுளோரைடு அந்தச் சோற்றில் சேரும். அதைப் பத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறினால் ஆளுக்கு 0.96 மில்லிகிராம். லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் உள்ள நீரில் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடித்ததற்குச் சமம். பருப்பு, சாம்பாருக்கான நீர் இதில் சேரவில்லை. காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே உண்ணும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு உலைநீரும் குடிநீரைப் போலவே முக்கியம். அதே வளாகத்தில் அங்கன்வாடி இருந்தால் அதற்கு இன்னும் முன்னுரிமை தர வேண்டும். எனாமல் உருவாகும் வயது அவர்களுடையது.

தொட்டியில் கலக்கும் நீருக்கும் இதேபோல் கணக்குப் போடலாம். 5000 லிட்டர் தொட்டியில் பாதி 0.4 அளவுள்ள ஆற்று நீர், பாதி 3.2 அளவுள்ள ஆழ்துளை நீர் என்றால், மொத்தம் 1000 மில்லிகிராமும் 8000 மில்லிகிராமும் சேர்ந்து 9000. ஒரு லிட்டருக்கு 1.8. பாதிக்குப் பாதி நல்ல நீர் கலந்தும் அளவைத் தாண்டிவிட்டது. 1.0ஐத் தாண்டாமல் இருக்க இந்த ஆழ்துளை நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்கக் கூடாது. எட்டாம் வகுப்பில் இதை ஒருபடிச் சமன்பாட்டுக் கணக்காகக் கொடுத்தேன். தங்கள் பள்ளித் தொட்டியைப் பற்றிய கணக்கு என்பதால் மாணவர்கள் விடையோடு நிற்கவில்லை. அன்று எத்தனை மணிக்கு எந்த வால்வு திறக்கப்பட்டது என்றும் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

முடிவைப் பதிவேட்டில் எழுதுவோம்

சோதனை முடிவு பாதகமாக வந்தால் அதை எழுத்தில் வைக்கலாமா என்ற தயக்கம் பல பள்ளிகளில் இருக்கும். பெயர் கெட்டுவிடும், பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் இயல்பானது. நிலத்தடிப் பாறையின் தன்மைக்கு எந்தத் தலைமை ஆசிரியரும் பொறுப்பல்லர். ஆனால் முடிவு கைக்கு வந்த பிறகு நடவடிக்கை எடுக்க வேண்டிய பொறுப்பு எல்லாருக்கும் வந்துவிடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானப் பதிவேட்டில் குழாய் எண், தேதி, அளவு, கோரும் தீர்வு ஆகிய நான்கையும் எழுதி, ஆய்வக அறிக்கையை இணைத்து ஊராட்சிக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்புவது நல்லது. கிராம சபையிலும் பெற்றோர் இதை முன்வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுகிறது.

எங்கள் தீர்மானத்தில் நாங்கள் கேட்டது சிறிய வேலைதான்: ஆற்று நீர்த் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு தனி இணைப்பு; குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு தனித் தொட்டி; ஆழ்துளை நீர் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும். பெற்றோர்கள் விடாமல் கேட்டதால் சில மாதங்களில் இணைப்பு கிடைத்தது. குழாய்களுக்கு வண்ணம் பூசினோம்: நீலம் குடிக்க, சிவப்பு கழுவ. ஆற்று நீர் தொடர்ந்து சில நாள்கள் வராவிட்டால் தனித் தொட்டியும் காலியாகிவிடும் என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. தொட்டியின் கொள்ளளவைக் கூட்டும் கோரிக்கை நிலுவையில் உள்ளது.

ஆற்று நீரே கிடைக்காத பள்ளிகளுக்கும் வழிகள் உள்ளன. எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி ஃபுளோரைடை நீக்கும். ஆனால் அது வெளியேற்றும் கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும் என்பதால் அதைக் கிணற்றுப் பக்கம் விடக் கூடாது. ஊக்குவிக்கப்பட்ட அலுமினா வடிகட்டியும் பயன் தரும். குறித்த காலத்தில் அதைப் புதுப்பிக்காவிட்டால் வேலை செய்யாது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு உருவாக்கிய நல்கொண்டா முறை மலிவானது. ஆனால் நீரின் தன்மைக்கேற்ப அளவைக் கணித்துப் போட வேண்டும்; கண்மதிப்பில் செய்யக் கூடாது. கூரையில் விழும் மழைநீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் இருக்காது. முதல் மழையை வெளியே விட்டுப் பிறகு வடிகட்டிச் சேமித்தால் சமையலுக்கு உதவும். எந்தக் கருவியானாலும் பொருத்திய பின் மறுபடி சோதித்துப் பார்த்தால்தான் பயன் உறுதியாகும்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

உணவும் ஓரளவு துணை நிற்கும். கால்சியமும் உயிர்ச்சத்து சி-யும் போதிய அளவு கிடைக்கும் பிள்ளைகளை ஃபுளோரைடு குறைவாகப் பாதிக்கும். நம் மாவட்டத்துக் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. களியும் கூழும் பழைய காலத்து உணவென்று ஒதுக்கத்தக்கவை அல்ல. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா, பால், மோர் ஆகியவையும் நல்லவை. கறுப்புத் தேநீரிலும் கறுப்பு உப்பிலும் ஃபுளோரைடு அதிகம். சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டாம். பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும் விழுங்க வேண்டாம் என்றும் கற்றுக்கொடுக்கலாம்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல், மோவாயை மார்பில் தொடச் செய்தல், இரு கைகளையும் பின்னந்தலையில் வைத்தல் ஆகிய மூன்றும் வலியின்றி இயல்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இயலவில்லை என்றாலே ஃபுளோரோசிஸ் என்று முடிவு கட்டக் கூடாது. மூட்டு விறைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்வதோடு நம் பங்கு முடிகிறது.

மிக முக்கியமான ஒன்று: பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிக் கணக்கெடுக்க வேண்டாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு தனியே பார்க்கட்டும். வரைபடத்தில் குழாயையும் தெருவையும் குறிப்போம். பிள்ளையின் பெயரைக் குறிக்க வேண்டாம். "இது உன் அழுக்கு இல்லை, நம் ஊர்த் தண்ணீரால் வந்தது" என்று பாடத்தின் போக்கில் ஒருமுறை பொதுவாகச் சொன்னாலே போதும். அதைக் கேட்ட பின் என் வகுப்பில் கையை உதட்டிலிருந்து எடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பற்களின் தோற்றத்தை மேம்படுத்தப் பல் மருத்துவத்தில் வழிகள் உள்ளன என்பதையும் வளர்ந்த மாணவர்களுக்குச் சொல்லலாம்.

சுவரில் பூக்கும் பூஞ்சைக்கும் இதே முறை

தண்ணீருக்குச் செய்த ஆய்வு முறையைப் பள்ளியின் பிற சுற்றுச்சூழல் தீங்குகளுக்கும் கடைப்பிடிக்கலாம். மழைக்காலத்தில் சில வகுப்பறைகளின் மேற்கூரையில் கருந்திட்டுகள் தோன்றும். திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் புழுங்கிய வாடை வரும். ஈரமும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் இருப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சுட்டிக்காட்டியுள்ளது.

இங்கும் முதற்கேள்வி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே. மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயை இலைச் சருகு அடைத்திருக்கலாம்; மேல்நிலைத் தொட்டி கசியலாம்; கைப்பிடிச் சுவரில் வெடிப்பு இருக்கலாம். கசிவை நிறுத்தாமல் மேலே வெள்ளையடித்தால் அடுத்த மழைக்குப் பூஞ்சை மீண்டும் வரும். பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. அதன் நுண்வித்துகள் அறை முழுதும் பரவும். பிள்ளைகள் இல்லாத நாளில், முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, சன்னல்களைத் திறந்து உலரவிட வேண்டும். இளைப்பு உள்ள பிள்ளையை அந்தச் சுவரோரம் உட்கார வைக்க வேண்டாம். மேற்கூரையில் கம்பி தெரிந்தாலோ காரை பெயர்ந்தாலோ துடைக்கும் வேலையே வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுப் பொறியாளருக்கு எழுத வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் செலவில்லை. ஒரு தாள், சில புட்டிகள், பெற்றோர்களுடன் வளாகத்தைச் சுற்றி ஒரு மணி நேர நடை, பிறகு பதிவேட்டில் நான்கு வரி. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் 'நம் பள்ளியின் குடிநீரும் சமையல் நீரும்' என்று ஒரு வரி சேருங்கள். சமையலர், அங்கன்வாடிப் பணியாளர், நீர் ஏற்றும் ஊராட்சிப் பணியாளர் ஆகிய மூவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்தக் குழாயில் எந்த நீர் வருகிறது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.